கீசருக்குக் கேஸ் குழாய்: எந்த அளவு, எவ்வளவு அழுத்தம்

மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் வெந்நீர் ஆண்டு முழுக்கத் தேவைப்படும் சரக்கல்ல. சித்திரையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளவே முடியாது, அவ்வளவு சூடு. ஐப்பசி மழை பிடித்த பிறகுதான் வெந்நீருக்கு ஆள் சேரும். விடிய விடிய வலை இழுத்துவிட்டு உடம்பெல்லாம் உப்போடு கரையேறுகிறவர்கள், பிள்ளை பெற்ற பெண்கள், முழங்கால் வலிக்காரர்கள். முன்பெல்லாம் பின்கட்டில் செம்புப் பாய்லர் இருந்தது. சவுக்கு விறகைப் போட்டு மூட்டுவார்கள். இப்போது புதிதாகக் கட்டும் வீடுகளிலும், கிழக்குக் கடற்கரைச் சாலையை நம்பி மாடியில் அறை எடுத்து வாடகைக்கு விடுகிறவர்களிடமும் கேஸ் கீசர் வந்துவிட்டது. மின்சாரம் போனாலும் வெந்நீர் வரும் என்பதுதான் அதன் பெரிய கவர்ச்சி. புயல் கரையைத் தேடி வரும் ஊரில் அது சின்ன விஷயமில்லை.

கீசர் மாட்டிய கொஞ்ச நாளிலேயே புகார் வரும். அடுப்பைப் பற்றவைத்தால் கீசர் அணைந்துவிடுகிறது. கீசரைத் திறந்தால் அடுப்புத் தீ சுருங்கிவிடுகிறது. வீட்டுக்கார அம்மா மெக்கானிக்கிடம் சொல்வார்: “தம்பி, பிரஷரைக் கொஞ்சம் ஏத்தி விடேன்.” தம்பியும் ஹோட்டல் அடுப்புக்குப் போடும் ஹை பிரஷர் ரெகுலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போவார். தீ சீறிக்கொண்டு எரியும், எல்லோருக்கும் திருப்தி. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வேலைக்கு எதிராக எழுதப்பட்டது. வீட்டில் கேஸ் போதவில்லை என்றால் பெரும்பாலும் குழாய் மெலிந்திருக்கிறது, இல்லாவிட்டால் சிலிண்டர் ஓய்ந்திருக்கிறது. அழுத்தத்தை ஏற்றினால் இரண்டுமே குணமாகாது. ஆபத்து ஒன்று கூடும், அவ்வளவுதான்.

அழுத்தம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது

சிலிண்டருக்குள் இருக்கும் எல்.பி.ஜி., புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். நம் கரையோர வெயிலில் அதன் ஆவி சதுர சென்டிமீட்டருக்குப் பல கிலோ அழுத்தத்தில் நிற்கும். ரெகுலேட்டர் அதை 30 கிராமுக்கு இறக்கித் தருகிறது. கிலோ அல்ல, கிராம். கீசரின் பெயர்த் தகட்டைப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் என்றோ சதுர மீட்டருக்கு 2.942 கிலோ நியூட்டன் என்றோ போட்டிருக்கும். இரண்டும் ஒரே அளவுதான். மில்லிபாரில் சொன்னால் ஏறக்குறைய 30. அடுப்பின் ஜெட், கீசரின் ஜெட், காற்று கலக்கும் துளை எல்லாம் அந்த 30-க்கென்றே துளைத்தவை. அதைத் தாண்டினால் ஜெட் வழியே கேஸ் கூடுதலாகப் பாயும், அதற்கு ஈடான காற்று கலக்காது. தீ மஞ்சளாகும், கீசரின் செம்புச் சுருளில் கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கேஸில் வாடைக்காகக் கலக்கும் மெர்காப்டன் எரிந்துபோய்விடுவதால் மூக்கு எச்சரிக்கை தராது.

ஆகவே வீட்டுக்காரர் தீர்மானிக்க வேண்டியது அழுத்தத்தை அல்ல. ரெகுலேட்டர் தரும் 30, கீசரின் வாய்வரை எவ்வளவு குறையாமல் போய்ச் சேருகிறது என்பதையே பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 3 மில்லிபார் வரை வழியில் தேயலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால்வுக்கும் ரப்பர் ட்யூபுக்கும் 1 போகட்டும், குழாய்க்கு 2. பிரிட்டனில் வீட்டுக்குள் ஓடும் இயற்கை எரிவாயுக் குழாய்க்கு மொத்தமே 1 மில்லிபார்தான் அனுமதி. அங்கே ஒரு வீட்டு பாய்லர், அறைகளைச் சூடேற்றும் வேலையும் சேர்த்து, நம் கீசரைப்போல் இரண்டரை மடங்கு கேஸ் குடிக்கும். லண்டனில் இருக்கும் உறவினர் வீட்டுச் சமையலறையில் அந்தக் கனமான செம்புக் குழாயைப் பார்த்து ஆடம்பரம் என்று நினைத்திருந்தால், காரணம் இதுதான்.

முதலில் கேஸ் எவ்வளவு

கடைகளில் அதிகம் விற்பது நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர். 25 டிகிரி சூடு ஏற்றி 6 லிட்டர் தரும் என்று பொருள். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி. ஆறையும் இருபத்தைந்தையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 150. மணிக்கு 9,000 கிலோ கலோரி. எரியும் சூட்டில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீருக்குப் போகிறது என்று வைத்தால் கேஸிலிருந்து வர வேண்டியது சுமார் 10,600. ஒரு கிலோ எல்.பி.ஜி. ஏறக்குறைய 11,000 கிலோ கலோரி தரும். எனவே முழுத் தீயில் கீசர் மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக, 0.96 கிலோ எரிக்கும்.

மரக்காணம் கரையில் முழுத் தீ அபூர்வமாகத்தான் வேண்டியிருக்கும். மார்கழி விடியலில் தொட்டித் தண்ணீர் 24 டிகிரி என்றும், குளிக்க 40 போதும் என்றும் கொண்டால் ஏற்ற வேண்டியது 16 டிகிரிதான், மணிக்கு 0.62 கிலோ. பத்து நிமிடக் குளியலுக்கு 100 கிராம். நாலு பேர் தினமும் குளித்தால் 14.2 கிலோ சிலிண்டர் வெந்நீருக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு மேல் வரும். ஊட்டியில் இந்தக் கணக்கு நடக்காது. ஆனாலும் குழாய் அளவை முழுத் தீக்குத்தான் போட வேண்டும். வாடகைக்கு வருகிறவர் குமிழை எந்தப் பக்கம் திருப்புவார் என்று யாருக்குத் தெரியும்?

இதோடு இரண்டு பர்னர் அடுப்பு, இரண்டும் முழுதாகத் திறந்தால், சுமார் 0.35 கிலோ. ஆக மொத்தம் மணிக்கு 1.3 கிலோ.

இங்கே ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு ரெகுலேட்டர் அடுப்பை மனத்தில் வைத்துச் செய்தது. மணிக்கு எத்தனை கிலோ கடத்தும் என்பது அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். அந்த எண் உங்கள் கூட்டுத்தொகையை விடக் குறைவாக இருந்தால் குழாயை எவ்வளவு பெரிதாக்கியும் பயனில்லை. ஏஜென்சியில் கேட்டு, அழுத்தம் அதே 30-ஆக இருந்து கொள்ளளவு மட்டும் கூடியதை வாங்குங்கள். கடைக்காரர் “ஹை பிரஷர்” என்று எடுத்து நீட்டுவது அது அல்ல.

பிறகு தூரம், அதன் பிறகு துளை

குப்பத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் பின்திண்ணையில், கம்பிவலைக் கூண்டுக்குள். அங்கிருந்து 3 மீட்டரில் சமையலறை அடுப்பு. குழாய் அதே சுவரில் தொடர்ந்து போய் மொத்தம் 9 மீட்டரில் குளியலறையின் வெளிச்சுவரில் கீசர். வழியில் ஆறு எல்போ. எல்போ ஒவ்வொன்றையும் அரை மீட்டர் குழாய் என்று எண்ணிக்கொண்டால் 3 மீட்டர் சேரும். ஆக 12 மீட்டர்.

இந்த 12 மீட்டரில் 2 மில்லிபார் மட்டும் தேய வேண்டும் என்றால், 10 மி.மீ. துளையுள்ள செம்புக் குழாய் மணிக்குச் சுமார் 1.25 கிலோ கடத்தும். 8 மி.மீ. துளை 0.7 கிலோதான். 13 மி.மீ. என்றால் இரண்டரை கிலோ. அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் துளை ஏறக்குறைய 16 மி.மீ.; அது 4 கிலோவை அனாயாசமாகக் கொண்டுபோகும். துளை கொஞ்சம் கூடினாலே கடத்தும் அளவு பாய்ந்து ஏறுவதைக் கவனியுங்கள். துளையை இரட்டித்தால் ஐந்து மடங்குக்கு மேல் போகும். தூரத்தை இரட்டித்தால் மூன்றில் ஒரு பங்குபோலத்தான் குறையும். அதனால் சிலிண்டரை இரண்டு மீட்டர் கிட்டே நகர்த்தலாமா என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட, ஒரு அளவு பெரிய குழாய் வாங்குவது லாபம்.

நம் வீட்டுக்கு 10 மி.மீ. துளை போதும். முதல் 3 மீட்டரில் 1.3 கிலோ ஓடினாலும், அடுப்புக்கு டீ பிரிந்த பிறகு 0.96 தானே மிச்சம் போகிறது. மொத்தத் தேய்மானம் 2-க்குள் அடங்கிவிடும்.

தப்பு நடப்பது கடையில். செம்புக் குழாயை வெளிவிட்டத்தைச் சொல்லி விற்கிறார்கள், ஜி.ஐ. பைப்பை உள்துளையை ஒட்டிய பெயரில் விற்கிறார்கள். “8 எம்.எம். காப்பர்” என்று கேட்டு வாங்கினால், சுவர் 1 மி.மீ. என்றால் துளை 6 தான். அந்தக் குழாயை நம் வீட்டில் ஓட்டிப் பாருங்கள். கீசர் மட்டும் முழுத் தீயில் எரியும்போதே பதினான்கு, பதினைந்து மில்லிபார் வழியில் காணாமல் போகும். கீசரின் வாயில் பாதி அழுத்தம் மிஞ்சும். பாதி அழுத்தத்தில் தீ பாதியாகாது, எழுபது சதவீதம் இருக்கும். அதனால் வீட்டுக்காரர் சமாளித்துக்கொள்வார். அந்த நேரம் பார்த்து அம்மா பால் காய்ச்ச அடுப்பைத் திறந்தால் கீசரின் தீயுணரி தீயைக் காணாமல் கேஸை வெட்டிவிடும். புகாரின் முழுக் கதையும் இந்த 4 மி.மீ. வித்தியாசத்தில் இருக்கிறது. எனவே வாங்கப்போகும்போது துரப்பண பிட் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். 10 மி.மீ. பிட்டின் தண்டு குழாய்க்குள் நுழைந்தால் துளை 10. விற்பவரோடு வாதாட வேண்டியதில்லை.

மாடியில் கீசர் என்றால் இன்னொரு சின்னக் கழிவு உண்டு. எல்.பி.ஜி. காற்றை விடக் கனம் என்பதால் மேலே ஏற ஏற மீட்டருக்கு 0.1 மில்லிபார்போலக் குறையும். 6 மீட்டர் உயரத்துக்கு 0.6. சாதாரண வீட்டில் மறந்துவிடலாம். மாடியில் இரண்டு அறை, இரண்டு கீசர் என்று விடுதி நடத்துகிறவர் மறக்கக் கூடாது. அவருக்கு 13 மி.மீ. துளைக்குக் கீழே பேச்சே வேண்டாம். அவர் 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை வாடகை அறைகளுக்குப் பயன்படுத்தவும் கூடாது. 19 கிலோ வணிகச் சிலிண்டர், இரண்டை இணைக்கும் மேனிஃபோல்டு, எல்லாம் ஏஜென்சி மூலமாக ஐ.எஸ். 6044 விதிப்படி அமைய வேண்டும். இரண்டு வீட்டு ரெகுலேட்டரை ஒரு பித்தளை டீயில் சேர்த்துக் கட்டுகிற கைவேலையை எங்கே கண்டாலும் கழற்றச் சொல்லுங்கள்.

பெரிய குழாய்க்கு ஆதரவாக இன்னொரு காரணமும் சொல்லலாம். எண்ணூர் எல்.என்.ஜி. முனையம் 2019-ல் தொடங்கிய பிறகு சென்னை வீடுகளுக்குக் குழாய் எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. அது 21 மில்லிபாரில் வரும்; அதே குழாயில், அதே தேய்மானத்தில், எல்.பி.ஜி. கொண்டுவரும் சூட்டில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்குதான் கொண்டுவரும். அது நம் குப்பத்துக்கு வரும்போது 10 மி.மீ. பிரித்தெறியப்படும், 13 தப்பிக்கும். செம்பு விற்கிற விலையில் இது உங்கள் விருப்பம். எனக்கு 13 பிடிக்கும்.

சிலிண்டரும் ஓயும்

குழாய் சரியாக இருந்தும் சிலிண்டர் தீரப்போகும் வாரத்தில் கீசர் முனகும். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். கிலோவுக்குச் சுமார் 85 கிலோ கலோரியைத் திரவத்திடமிருந்தும் சிலிண்டர் இரும்பிடமிருந்தும் அது உறிஞ்சும். முழுத் தீயில் ஒரு குளியல், அதாவது 160 கிராம் கேஸ், பாதி நிறைந்த சிலிண்டரை இரண்டு மூன்று டிகிரி குளிர்விக்கும். ஒரு கிலோ மட்டும் மிச்சமிருந்தால் அதே குளியல் ஐந்தாறு டிகிரியைத் தின்றுவிடும். நாலு பேர் வரிசையாகக் குளித்தால் சிலிண்டரின் அடிப்பக்கம் வியர்த்து வழியும். போதாக்குறைக்கு, புரோப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகிப் போய்விட, அடியில் பியூட்டேன்தான் கூடுதலாகத் தங்கியிருக்கும். பியூட்டேன் பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே கொதிப்பது. குளிரக் குளிர அதன் ஆவிக்கு வலு கிடையாது.

இதற்கு மருந்து குளியல்களுக்கு நடுவே கால் மணி இடைவெளி விடுவது. அல்லது சிலிண்டரை மாற்றி, மிச்சத்தை அடுப்புக்கு வைத்துக்கொள்வது. சிலிண்டரை வெந்நீர் அண்டாவுக்குள் இறக்கிச் சூடேற்றும் பழக்கத்தைச் சில இடங்களில் சாமர்த்தியம் என்று பேசுகிறார்கள். சாமர்த்தியம் எதுவும் அதில் இல்லை.

தண்ணீரையும் சந்தேகியுங்கள். கீசரில் தண்ணீரின் அழுத்தம் ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளினால்தான் கேஸ் வால்வே திறக்கும். தொட்டி மொட்டைமாடித் தரையிலேயே உட்கார்ந்திருந்து, ஷவர் இரண்டு மீட்டர் கீழே இருந்தால் அந்தத் தள்ளு போதாமல் போகலாம். மரக்காணத்துத் துவர்த் தண்ணீரில் கீசரின் சல்லடை அடைபட்டிருந்தாலும் இதேதான். தீப்பொறி தட்டும் பேட்டரி தீர்ந்திருந்தாலும் இதேதான். மூன்றுக்கும் பழி கேஸ் மேல் விழும். தொட்டிக்கு ஒரு மீட்டர் மேடை கட்டினாலே ஓடத் தொடங்கும் கீசர்கள் உண்டு.

கொத்தனார் டியூபில் அழுத்தம் பார்ப்பது

அழுத்தத்தை அளக்க விலையுயர்ந்த மீட்டர் வேண்டியதில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடிபோன்ற டியூப் ஒன்றரை மீட்டர் போதும். அதை ஒரு பலகையில் வளைத்துக் கட்டி, இரண்டு கையிலும் பாதிவரை தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். ஒரு முனை குழாயின் சோதனை வால்வில். மறுமுனை காற்றுக்குத் திறந்து. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்றால் தண்ணீர் மட்டத்தில் ஒரு சென்டிமீட்டர். ரெகுலேட்டர் சரியாக இருந்தால் இரண்டு மட்டங்களுக்கும் வித்தியாசம் 30 சென்டிமீட்டர் அருகே நிற்கும். வால்வை இணைப்பதையும் பிரிப்பதையும் பயிற்சி பெற்ற மெக்கானிக் செய்யட்டும், சுற்றிலும் தீ எரியாதபோது. ஸ்கேலைப் படிக்கிற வேலையை நீங்கள் செய்யுங்கள்.

எல்லாம் மூடியிருக்கும்போது பார்த்த எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கேஸ் ஓடாதபோது மெல்லிய குழாயும் தடித்த குழாயும் ஒன்றுதான்; இரண்டிலும் முழு அழுத்தம் நிற்கும், சொல்லப்போனால் 30-க்கும் சற்றுக் கூடுதலாகவே. மெக்கானிக் அதைக் காட்டி “பிரஷர் ஃபுல்லா இருக்கு சார், கீசர்தான் ஃபால்ட்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். நிறுத்துங்கள். கீசரை முழுத் தீயில் விட்டு, இரண்டு அடுப்பையும் திறந்து, அப்போது மட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கீசரின் வாயில் ஒரு முறை, ரெகுலேட்டருக்கு அடுத்து ஒரு முறை. இரண்டு இடத்திலும் 29, 30 என்றால் கேஸ் பக்கம் குறையில்லை, தண்ணீரைப் போய்ப் பாருங்கள். ரெகுலேட்டர் அருகே 30, கீசரில் 18 என்றால் நடுவில் குழாய் மெலிவு, அல்லது எங்கோ நசுங்கல், அல்லது பாதி திறந்த வால்வு. இரண்டு இடத்திலுமே 20 என்றால் குழாயைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரின் கொள்ளளவு போதவில்லை, இல்லாவிட்டால் சிலிண்டர் குளிர்ந்துவிட்டது.

அதே டியூபில் கசிவும் பார்க்கலாம். புதுக் குழாய் பூட்டியதும், ரெகுலேட்டரையும் கீசரையும் அடுப்பையும் பிரித்துவிட்டு, முனைகளை அடைத்து, சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றை ஏற்றி 50 சென்டிமீட்டருக்கு நிறுத்துங்கள். கால் மணி நேரம் மட்டம் இம்மி நகரக் கூடாது. நகர்ந்தால் மூட்டு மூட்டாக நுரை தடவித் தேடல். கிணற்றுத் தண்ணீர் துவர்ப்பாக இருக்கும் வீட்டில் குளியல் சோப் நுரைக்காது, கசிவு இருந்தும் குமிழ் எழும்பாது. ஷாம்பூவோ பாத்திரம் தேய்க்கும் திரவமோ மழைத்தண்ணீரில் கலந்து தடவுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள், பித்தளை நட்டுக்கு அது ஆகாது. தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உப்புக் காற்று

நகரத்துப் பிளம்பர் போட்டுக்கொடுக்கும் திட்டம் இந்தக் கரையில் ஐந்து வருடம் தாங்காமல் போவதற்குக் காரணம் உப்பு. கடலிலிருந்தும் வரும், உப்புப் பாத்தியிலிருந்தும் வரும். பங்குனி முதல் மதியக் கடல்காற்று ஜன்னல் கம்பியை நாக்கில் வைத்தால் கரிக்கும் அளவுக்கு அடிக்கும். ஜி.ஐ. பைப் நடுவில் நன்றாகத்தான் இருக்கும். மரை வெட்டிய இடத்தில் துத்தநாகம் போய்விடுகிறதே, அங்கேதான் துரு நுழையும். வெளியே பார்த்தால் காவிப் பூச்சுபோலத் தெரியும், ஸ்பானர் பட்டால் மரை உதிர்ந்து வரும். ஆகவே இங்கே ஜி.ஐ. போட்டால் ஒவ்வொரு மூட்டையும் பிரைமர், பெயின்ட் என்று இரண்டு கை பூசி, வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பார்க்க வேண்டும். செம்பு பச்சை பூக்கும், ஆனால் அந்தப் பச்சை பெரும்பாலும் மேல்தோல்தான். செம்பைக் கெடுப்பது அதைச் சுவரில் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப். இரண்டு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் கிளிப் கரைந்து குழாய் தொங்கும், தொங்கிய குழாய் மூட்டில் இழுக்கும். பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள், மீட்டருக்கு ஒன்றுக்குக் குறையாமல். சுவருக்குள் நுழையும் இடத்தில் உறைக்குழாய் செருகி அதற்குள் செம்பை விடுங்கள். கடல் மணல் கலந்த பழைய பூச்சில் செம்பு நேராகப் பட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. தண்ணீருக்கு வாங்கிய சி.பி.வி.சி. மிச்சமிருக்கிறது என்று கேஸுக்கு ஓட்டுவது இந்தக் கரையிலும் வேண்டாம், எந்தக் கரையிலும் வேண்டாம்.

ரப்பர் ட்யூப் ஐ.எஸ். 9573 முத்திரையுள்ள ஆரஞ்சு ‘சுரக்ஷா’ ட்யூப்தான். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் கூடாது, ஐந்து வருடத்தில் மாற்றியாக வேண்டும். கடல் பார்த்த சுவரில் நான் அதற்கும் முன்பே மாற்றச் சொல்வேன். ரெகுலேட்டரின் மூடியில் ஒரு குண்டூசித் துளை இருக்கும். உள்ளிருக்கும் சவ்வு மூச்சுவிட அதுதான் வழி. அதில் உப்பு உறையும், குளவி மண் வைக்கும். துளை அடைந்தால் ரெகுலேட்டர் தன் இஷ்டத்துக்கு அழுத்தம் தரும். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், ஆனால் ஊசியால் குத்தாதீர்கள், சவ்வு கிழியும்.

கீசர் எங்கே தொங்குகிறது

இது குழாய் அளவைச் சேர்ந்த விஷயம் இல்லை, ஆனால் இதைச் சொல்லாமல் குழாய் அளவு சொல்லித் தருவது தவறு. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரியக் கிட்டத்தட்ட 13 கன மீட்டர் காற்று வேண்டும். முழுத் தீயில் பத்து நிமிடத்துக்கு 2 கன மீட்டருக்கு மேல். நாலுக்கு ஆறடிக் குளியலறை, எட்டடி உயரம் என்றால் உள்ளே இருப்பதே ஐந்தரை கன மீட்டர் காற்றுதான். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு உள்ளே கீசர் எரிந்தால், குளித்து முடிப்பதற்குள் ஐந்தில் இரண்டு பங்கு காற்றின் பிராணவாயுவைத் தீ தின்றிருக்கும். தின்னக் கிடைக்காத தீ கார்பன் மோனாக்சைடைக் கக்கும். குளியலறையில் கேஸ் கீசரோடு பூட்டிக்கொண்டு இறந்தவர்களின் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடக்கிலிருந்து வருகிறது. ஐ.எஸ். 15558 முத்திரை இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோடும் சுவரில், மழைச்சாரல் படாத மறைப்பின் கீழ். பழைய செம்புப் பாய்லரின் அடியில் கேஸ் பர்னரைச் செருகும் யோசனை அவ்வப்போது யாருக்காவது வரும். அதில் தீயணைந்தால் கேஸை வெட்ட எதுவும் கிடையாது. பாய்லரை விறகுக்கே விட்டுவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால்

2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் நடுவேதான் கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி விழுப்புரம் மாவட்டத்தையே மழையில் மூழ்கடித்தது. இப்படிப்பட்ட நாளில் சிலிண்டர் என்ன செய்யும் என்று பலர் யோசிப்பதில்லை. வெறும் சிலிண்டர் பதினைந்து, பதினாறு கிலோ. கேஸ் நிறைந்தால் ஏறக்குறைய 30 கிலோ. ஆனால் அதன் உள் கொள்ளளவே 33 லிட்டருக்கு மேல். அதாவது முழுச் சிலிண்டரும் தண்ணீரில் மிதக்கும். திண்ணையில் இடுப்பளவு தண்ணீர் ஏறினால் அது எழும்பிச் சாய்ந்து, ட்யூபையும் ரெகுலேட்டரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். சாய்ந்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதில் திரவம் குழாய்க்குள் பாயும்.

எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்றே ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வில் மூடியைப் பூட்டி, சிலிண்டரைக் கழுத்தில் சங்கிலி போட்டுச் சுவர்க் கொக்கியில் நிமிர்ந்த நிலையில் கட்டுங்கள். கொக்கியைக் கட்டும்போதே திண்ணைக்கு ஒன்றரையடி மேடை போட்டிருந்தால் சாதாரண மழைக்கு இந்த வேலையே வராது, அடிவளையமும் துருப்பிடிக்காது. சிலிண்டரின் கம்பிவலைக் கூண்டு அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடுதான் ஓடும். சாக்கடைக் குழியோ கிணறோ பக்கத்தில் இருந்தால் அதற்குள் இறங்கித் தங்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு, மூழ்கிய ரெகுலேட்டரைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், ஏஜென்சியில் மாற்றிக்கொள்ளுங்கள். ட்யூபும் புதிது. கீசருக்குள் உப்புத்தண்ணீர் ஏறியிருந்தால் பேட்டரிப் பெட்டியும் கேஸ் வால்வும் பார்க்கப்பட்ட பிறகே இணைப்பு. குழாயை மறுபடி காற்றேற்றி, டியூபில் கால் மணி நேரம் மட்டம் நின்ற பிறகு சிலிண்டரைத் திறக்கலாம். நடுவில் வாடை அடித்தால் ஸ்விட்சைத் தொடாமல் வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடுங்கள், எல்.பி.ஜி. கசிவுக்கென்றே இரவும் பகலும் எடுக்கும் எண் அது.